மாசத்தைக் குறைங்க

அந்த வீட்டில் மாடி அறை கேட்டுப் போன முதல் நாளே ஒரு திட்டு வாங்கினேன்.

மேலநீலிதநல்லூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. பெண்பிள்ளை அங்கே தனியாகத் தங்க எங்கள் வீட்டில் சம்மதிக்கவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு குடும்பத்து வீட்டு மாடியில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வருவது என்று முடிவாயிற்று. ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வெளிச்சுவர் பூசாத செங்கல் வீடு. வாசலில் ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சாவியோடு உள்ளேயிருந்து வந்த அவர் மனைவியை, அதே முறையில், மதினி என்றேன்.

"மதினின்னு கூப்பிடாத. அது அவரு வழியில வருத முறை. அக்கான்னு கூப்பிடு."

அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் எனக்கு அண்ணாச்சி, அவருடைய மனைவி எனக்கு அக்கா. கணவன் மனைவியை இப்படி ஒரு முறை வைத்து நான் கூப்பிட்டது அந்த ஒரு வீட்டில்தான்.

அறை சின்னது. மேலே சிமெண்ட் ஷீட். வாடகை மூவாயிரம். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

"அட்வான்ஸ் வேண்டாம். அது பொறவு திருப்பிக் குடுக்க வேண்டிய துட்டு. ஆறு மாச வாடகையை மொத்தமாத் தந்திரு, மாசம் எரநூறு குறைச்சுக்கிடுதேன்."

என்னிடம் அவ்வளவு இல்லை. மூன்று மாதத்துக்குக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக் கைப்பையில் வைத்தவள், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"பேங்குக்கு. மூணரைக்குள்ள போகணும்." படியிறங்கியவள் நின்று திரும்பினாள். "தண்ணி மோட்டாரை நாலு மணிக்கு மாட்டிரணும்னு சொல்லிரு."

"யார்ட்டக்கா?"

"அங்கன இருக்காருல்லா."

அவர் இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அண்ணாச்சி, நாலு மணிக்கு மாட்டிரணுமாம்" என்றேன்.

"சரின்னு சொல்லு" என்றார் அவர்.

நாலரை வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு முன்னால் மாடியில் இருந்த வாத்தியார் சம்சாரம் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். அவள் போனதும் அது எனக்கு வந்தது. கேஸ் வந்தது, கரண்டு பில் வந்தது, யாரோ பத்திரிகை வைக்க வந்தார்கள் என்று எல்லாம் என் வழியாகப் போய் என் வழியாக வந்தது.

காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்கா குருவிகுளம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மனை, அவருக்கு அவர் அப்பா கொடுத்தது. வீடு கட்ட பேங்கில் வாங்கிய பதினாறு லட்சம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. மாதத் தவணை பிடிப்பது அக்கா சம்பளத்தில். இருபது வருஷக் கடன். பிள்ளைகள் இல்லை.

வீட்டுக்குக் காங்கிரீட் போடுகிற வாரத்தில் வாசுதேவநல்லூரில் அக்காவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பேங்கிலிருந்து எடுத்த மூன்று லட்சம் அண்ணாச்சி கையில் இருந்தது. அக்கா கேட்டிருக்கிறாள். கம்பியும் சிமெண்டும் வந்து இறங்கியாச்சு, ஆளுக்குச் சொல்லியாச்சு, காங்கிரீட் முடிஞ்சதும் பாப்போம் என்று சொல்லியிருக்கிறார் இவர். காங்கிரீட் முடிந்தது. மொட்டை மாடியில் பாத்தி கட்டி விட்டிருந்த தண்ணீர் வற்றுவதற்குள் அப்பா போய்விட்டார். அன்றைக்கு நிறுத்திய பேச்சு.

"அவ அண்ணனே போன்ல சொன்னாம்மா, டாக்டர் கையை விரிச்சிட்டாருன்னு. அத நம்பித்தான் நானும் இருந்துட்டேன்" என்று அண்ணாச்சி ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "இருந்தாலும் குடுத்திருக்கணும்" என்றார்.

இப்படி இருப்பதற்குப் பிரிந்து போய்விடலாமே என்று நான் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். வந்து ஒரு வருஷம் கழித்து, அந்த அளவுக்கு உரிமை வந்த பிறகு.

"எங்கன போகச் சொல்லுத? தவணை என் சம்பளத்துலதான் பிடிக்கான். இன்னொரு வீட்டுக்கு வாடகை குடுக்கக் கையில மிஞ்சாது. வித்துருவோம்னா பத்திரம் பேங்குல கிடக்கு. மனை அவரோடது, சுவரு என்னோடது. எப்படிப் பிரிச்சு எடுத்துட்டுப் போக?"

அதனால் அவள் கண்டுபிடித்த ஒரே வழி, கடனைச் சீக்கிரம் முடிப்பது. அதுதான் அவள். மற்ற எதைச் சொன்னாலும் அதில்தான் வந்து நிற்கும்.

அகவிலைப்படி நிலுவை வந்தால் அன்றைக்கே பேங்க். பொங்கல் போனஸ் வந்தால் அன்றைக்கே பேங்க். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனதும் ஊரே சந்தோஷப்பட்டது. இவள் மட்டும் தினமும் டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்கவேண்டிய காசை எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வந்தாள். மாதக் கடைசியில் அதுவும் பேங்குக்குப் போகும். மருந்து வாங்க வருகிற கிழவிகள் பிரியமாக உளுந்தோ துவரையோ கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வாள். அந்த மாதம் பலசரக்குச் சீட்டில் உளுந்து இருக்காது. அந்த ரூபாயும் பேங்குக்கு. சங்கரன்கோவில் பூவுக்குப் பெயர் போன ஊர். அக்கா தலையில் ஒரு நாள் பூ பார்த்ததில்லை. "வாடுத சாமானுக்குத் துட்டு போடமாட்டேன்" என்பாள். அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று பத்திரிகை வந்தது. தங்கம் போடவேண்டி வரும் என்று போகவில்லை. போனில் மதினியிடம் "லோன்ல இருக்கேன்" என்றாள், விரதத்தில் இருக்கேன் என்று சொல்வது போல.

ஒரு சனிக்கிழமை அவளோடு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் புதுப் பையன். அவள் கட்டிய இருபத்தெட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு, "ரெண்டு தவணையை அட்வான்சா வரவு வச்சிட்டேன் மேடம். அடுத்த ரெண்டு மாசம் நீங்க கட்டவேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு மாசம் லீவு வேணும்னு நான் கேட்டனா? அசல்ல வைங்க."

"அசல்ல வச்சா, மாசத் தவணையைக் கொஞ்சம் குறைச்சுத் தரலாம் மேடம். உங்களுக்கும் சுமை குறையும்."

"தவணை அப்படியே இருக்கட்டும். துட்டைக் குறைக்கவேண்டாம் தம்பி. மாசத்தைக் குறைங்க."

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர், இந்த அம்மாவிடம் வாதாடாதே என்பது போலக் கையைக் காட்டினார். அவருக்குப் பழக்கம் போல.

திரும்பி நடந்து வரும்போது எனக்குக் கணக்குச் சொன்னாள். "முத வருஷம் மட்டும் ஒண்ணே முக்கா லட்சம் கட்டியிருக்கேன். அசல்ல எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு நினைக்க? முப்பதாயிரம். மிச்சம் பூரா வட்டி. ஆரம்பத்துல கட்டுத ஒரு ரூவா, கடைசியில கட்டுத நாலஞ்சு ரூவாய்க்குச் சமம். வருசம் போகப்போக அந்த பலம் குறைஞ்சிரும். அதான் ஓடுதேன். இருபது வருசமும் இருந்து கட்டினா, வெளிய வரும்போது எனக்கு அம்பத்தெட்டு வயசு."

வெளிய வரும்போது என்றாள். கடன் முடியும்போது என்று சொல்லவில்லை.

அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தாள். இருநூற்று நாற்பது கட்டம். மாதத் தவணை கட்டினால் முன்னாலிருந்து ஒன்றை அடிப்பாள். கூடுதலாகக் கட்டினால் பின்னாலிருந்து இரண்டோ மூன்றோ அடிப்பாள். சமையல் செய்துகொண்டே அதைத் திரும்பிப் பார்ப்பாள். சமையல் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அவர் தட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு முன் அறைக்குப் போய்விடுவாள். பின் அறையிலிருந்து அவர் வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பேசாத மனுசனுக்கு எதற்குச் சமையல் என்று கேட்டால், "ஒரு சிலிண்டர்தானே இருக்கு" என்பாள்.

அந்த வீட்டில் நிம்மதியாக மூச்சு விட முடியாது. ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் எழுந்து போகவேண்டும். கதவு சத்தத்தை வைத்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவேண்டும். மாடியில் இருந்த எனக்கே அந்தக் காது வந்துவிட்டது. ஊருக்குப் போனாலும், அக்கா ஏதோ சொல்லச் சொன்னாளே, சொன்னேனா என்று திடுக்கென்று இருக்கும்.

இதெல்லாம் மாறிப்போனது அக்காவின் அம்மா விழுந்த பிறகுதான்.

வாசுதேவநல்லூரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் போன் பண்ணினார். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பிளேட் வைக்கவேண்டுமாம், உடனே ஒரு அறுபதாயிரம் ஆகுமா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அக்காவுக்கு நிலுவைப் பணம் வந்திருந்தது. பேங்குச் சலானை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, கொல்லையில் துணி காயப்போடும் இடத்தில் நின்று பேசினாள். நான் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"இப்பதானண்ணே ஒரு துட்டு வந்திருக்கு. அத லோன்ல கட்டிருதேன். அடுத்த மாசம் முடிஞ்சதும் பாப்போம்."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். போனில் அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் அது விழுந்த மாதிரி இல்லை. பின் அறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரும் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மாடிப்படி வரைக்கும் வந்து என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். "நாப்பதாயிரம் இருக்கு. அவ அம்மைக்கு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. கவரைத் தொடக்கூட இல்லை.

"எங்கப்பாவுக்கு வராத துட்டு எங்கம்மைக்கு எதுக்கு? எங்கிட்ட இருக்குன்னு சொல்லு."

சொன்னேன். அவர் கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அக்கா சலானைக் கிழித்துப் போட்டாள். அறுபதாயிரத்தையும் அண்ணனுக்கு அனுப்பினாள். லீவு போட்டுப் பத்து நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வந்தாள். பின்னாலிருந்து ஏற்கனவே அடித்துவைத்திருந்த கட்டத்தில் நாலு கட்டத்தை ரப்பர் போட்டு அழித்ததைப் பார்த்தேன். அந்த நிலுவையை நம்பி முன்கூட்டியே அடித்திருந்தாள். அதுவரைக்கும் அவள் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் மாதம், வருமான வரிக்காகப் பேங்கில் கடன் கணக்கு விவரம் வாங்குவாள். அடுத்த ஏப்ரலில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தாளை வாங்கி நின்றபடியே படித்தவள், முகம் சுருங்கித் திரும்பவும் கவுண்டருக்குப் போனாள்.

"இது எங்க கணக்கு இல்ல. அசல் இவ்வளவு குறைஞ்சிருக்காது. இந்த நாப்பதாயிரம் நான் கட்டல. இது, இந்த ஏழாயிரம், ஒம்பதாயிரம்... இதெல்லாம் நான் கட்டலயே."

"உங்க கணக்குதான் மேடம். சார் வந்து மாசாமாசம் கட்டிட்டுப் போறாரே. அசல்ல வைங்க, மாசத்தைக் குறைங்கன்னு அவரும் அதையேதான் சொல்லுவாரு. நீங்க சொல்லி அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அக்கா தாளை நாலாக மடித்தாள். வீடு வரும் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். வாசல் கேட்டைத் திறக்கும்போது என்னிடம் சொன்னாள், "அவரு எதுக்குக் கட்டுதாருன்னு கேட்டுட்டு வா."

வேலை சம்பந்தமில்லாமல், சிலிண்டர் சம்பந்தமில்லாமல், அவரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. நான் கடைக்கே போனேன். அண்ணாச்சி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது.

"அந்த லோனுக்கு மெசேஜ் எல்லாம் என் போனுக்குத்தாம்மா வரும். ஆரம்பத்துல என் நம்பரத்தான் குடுத்தோம். அவ ஒவ்வொரு தடவ கட்டும்போதும் இங்கன டிங்குன்னு சத்தம் வரும். இவ என்னை விட்டுப் போறதுக்கு இன்னும் இத்தன மாசம்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." கம்பியை மேசையில் வைத்தார். "ஒத்தையில கிடந்து இழுக்கா. நல்லதா ஒரு சேலை உடுத்த மாட்டேங்கா. பாத்துக்கிட்டு எப்படி இருக்க? எப்படியும் போகத்தான் போறா. போறவ நாலு வருசம் முன்னாடி போனா, அந்த நாலு வருசமாவது நல்லா இருப்பாள்லா."

திரும்பவும் கம்பியைக் கையில் எடுத்தார்.

"இதெல்லாம் அவகிட்ட சொல்லாத. சீக்கிரம் முடியட்டும்னுதான்னு சொல்லு. அது போதும்."

போய் அதை அப்படியே சொன்னேன். "சீக்கிரம் முடியட்டும்னுதானாம்க்கா."

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, "அப்படியா?" என்றாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அவருக்கும் அவசரந்தான் போல" என்றாள்.

அவர் சொன்ன வார்த்தையைத்தான் சொன்னேன். மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறு ஒன்று என்று எனக்கு அப்போதே தெரியும். இத்தனை நாள் அவள் போக நினைத்தாள், அவர் தடுக்கவில்லை. இப்போது அவர் அனுப்ப நினைக்கிறார் என்று ஆகிவிட்டது. அவர் சொல்லாதே என்றார், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு விஷயம், எனக்கென்ன என்றும் நினைத்தேன். ஏதோ ஒரு பயமும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கட்டியது வீம்புக்குக் கட்டியது. சாயங்கால டீயை நிறுத்தினாள். காலையில் பழையதைக் குடித்துவிட்டுப் போனாள். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவளை மருத்துவ முகாமில் போட்டபோது, கூட்டத்தில் நாள் முழுக்க நின்று மாத்திரை கொடுத்தவள், மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு. ஊரில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்கு ரத்தம் ஏழுதான் இருந்தது. நர்சம்மா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாள். முன் அறைக் கட்டிலில் படுக்கவைத்தேன். அண்ணாச்சி நிலைப்படி வரை வந்தார். உள்ளே வரவில்லை. இளநீரை வெட்டிச் செம்பில் ஊற்றி நிலைப்படியில் வைத்துவிட்டு, அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா குடித்தாள். யார் கொண்டுவந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் நின்ற இடம் கட்டிலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

இரண்டு பேருமாகக் கட்டியதில் கடன் எட்டரை வருஷத்தில் முடிந்தது.

பத்திரத்தைத் திரும்ப வாங்க இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். அக்கா என்னையும் வா என்றாள். மேனேஜர் எழுந்து நின்று, "பதினோரு வருஷம் முன்னாடியே முடிச்சிட்டீங்க. இந்தக் கிளையில யாரும் இப்படி முடிச்சதில்ல. ஜோடியா நின்னு சாதிச்சிட்டீங்க" என்றார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்திரக் கட்டை மேனேஜர் அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி அதை என்னிடம் நீட்டினார். நான் அக்காவிடம் கொடுத்தேன். மேனேஜர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அக்கா கேட்டு வரச் சொன்னாள், "வீட்டை வித்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடுவோமான்னு கேளு."

அண்ணாச்சி ஒரு மாதம் டைம் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் வேறு ஒரு பேங்கில் பேசி, வீட்டை அடமானம் வைத்து, தன் பெயரில் பன்னிரண்டு லட்சம் கடன் ஏற்பாடு செய்துவிட்டார். அக்காவுக்குச் சேரவேண்டிய பங்கு அது. பத்திர ஆபீசில் அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பணம் அவள் கணக்கில் ஏறியது. எட்டரை வருஷம் பேங்குப் பெட்டியில் கிடந்து வெளியே வந்த பத்திரம், ஆறு வாரம்கூட வீட்டில் இருக்கவில்லை.

"எத்தன வருசத்துக்காம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"பதினஞ்சு வருசமாம்க்கா."

விரல் விட்டுப் பார்க்கவில்லை, மனதிலேயே போட்டுவிட்டாள். "அறுவத்தஞ்சு ஆயிரும் அவருக்கு" என்றாள். பிறகு தையல் ஊசி, நூல்கண்டு என்று சின்னச் சாமான்களை ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

குருவிகுளத்தில் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருந்தாள். போகிற அன்றைக்குக் காலையில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. ஏற்றுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு பீரோ, நாலு மூட்டை. கடைசி மூட்டையைக் கட்ட நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என்னால் அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்குக் கடையில அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் சொன்னாரு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிங் என்று போனில் வரும் சத்தம், ஒத்தையில கிடந்து இழுக்கா என்றது, போறவ நாலு வருசமாவது நல்லா இருக்கட்டும் என்றது, இதெல்லாம் சொல்லாதே என்றது எல்லாம்.

கயிற்றை இழுத்துப் பிடித்தபடி கேட்டாள். முடிச்சுப் போடவில்லை.

"இத ஒண்ணரை வருசம் உள்ள வச்சிருந்துட்டு, வண்டி வந்து நிக்கும்போதா ஏட்டி சொல்லுத?"

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. முடிச்சைப் போட்டாள். இன்னொரு முடிச்சும் போட்டாள். அது தேவையே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் கட்டத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். "என்ன ஒண்ணு, இவ்வளவு வெறுத்துக் கட்டியிருக்க மாட்டேன்."

மூட்டையை டிரைவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். அக்கா செருப்பை மாட்டினாள். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். காலையிலேயே குளித்துச் சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா கேட்டருகில் வந்து நின்று, வழக்கம் போல என்னைத் தேடித் திரும்பினாள். சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். இனி என்னால் முடியாது என்று இருந்தது.

வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"ரசம் வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. அவரைப் பார்த்துத்தான். "மத்தியானத்துக்குச் சோறு மட்டும் வச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி கேட்டின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி திரும்பியது. செம்மண் ரோட்டில் ஆடி ஆடிப் போய், மெயின் ரோட்டில் ஏறி மறைந்தது.

அண்ணாச்சி கேட்டைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டார்.

எட்டரை வருஷமாக அவள் சொல் எதுவும் நேராக அவர் காதுக்குப் போனதில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ரசம் இருக்காம் அண்ணாச்சி. சோறு மட்டும் வச்சுக்கிடணுமாம்."

"சரின்னு சொல்லு" என்றார் அவர்.